வீட்டின் மொழிபெயர்ப்பாளராகிவிட்ட பிள்ளை

ஒரு நாட்டில் தஞ்சம் புகுந்த அகதிக்கு, அங்கிருந்து மூன்றாவது நாடு ஒன்றில் நிரந்தரமாகக் குடியமரும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. உலக அகதிகளில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குக்கூட அது வாய்ப்பதில்லை. அதனால் அப்படி வந்து சேர்ந்த குடும்பத்தைப் பார்த்து எல்லோரும் "இனி உங்களுக்கு என்ன கவலை" என்கிறார்கள். முதல் சில மாதங்களில் அது உண்மை போலவே இருக்கும். வீடு கிடைக்கிறது, பள்ளியில் இடம் கிடைக்கிறது, பிள்ளைகள் புது மொழியில் நாலு வார்த்தை பேசத் தொடங்குகிறார்கள். பிறகு பல வீடுகளில், முதலாண்டின் பிற்பகுதியில், நிலைமை இறங்கத் தொடங்குகிறது. பதினைந்து வயதுப் பையன் காலையில் எழ மறுக்கிறான். பதினாறு வயதுப் பெண் அம்மாவிடம் எரிந்து விழுகிறாள். பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது, ஆனால் அது அப்பாவின் கைக்குப் போவதில்லை.

இதற்கெல்லாம் காரணம் போர், பழைய பயங்கரம் என்றுதான் உடனே எண்ணத் தோன்றும். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அன்றாடம் அந்தப் பிள்ளை என்னென்ன வேலை செய்கிறது என்று கேட்டு எழுதிப் பாருங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போவது, தம்பி தங்கைகளின் ஆசிரியரோடு பேசுவது, வாடகை பாக்கிக்குத் தவணை கேட்பது எல்லாம் அந்தப் பிள்ளைதான். பெரியவர்களின் வேலை பெரியவர்களிடமே திரும்பிப் போக வேண்டும். இந்தக் குடும்பங்களுக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆலோசனை, சிகிச்சை, விளையாட்டு, குழுக்கூட்டம் எல்லாம் தேவைதான். வீட்டுக்குள் தலைகீழாகப் போன இந்த ஒழுங்கு சரியாகாமல் அவற்றில் எதுவும் நிலைக்காது.

மீண்டெழும் ஆற்றல் என்பதைப் பிள்ளையின் மன உறுதியாகவே பலரும் பார்க்கிறார்கள். "நீ தைரியசாலி" என்ற பாராட்டும் அதிலிருந்தே வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்கமும் கண்டது வேறு. தாயோடு சேர்ந்து குண்டுவீச்சுக்கு நடுவில் இருந்த குழந்தைகளைவிட, பாதுகாப்புக்காகத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்ட குழந்தைகள் அதிகம் வாடினார்கள். பதின்ம வயதுக்கும் இது பொருந்தும். பக்கத்தில் நிலைகுலையாத ஒரு பெரியவர், கணிக்கக்கூடிய ஒரு நாள், தன் வயதுக்குரிய ஒரு பொறுப்பு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே எழுந்து நின்றுவிடுகிறார்கள்.

எதைப் பிள்ளையிடம் விடலாம், எதை விடவே கூடாது

மொழிபெயர்ப்பதை முழுவதும் நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. அப்படிச் சொல்லவும் கூடாது. வீட்டுக்கு உதவுவதில் பிள்ளைக்குப் பெருமை இருக்கிறது, மொழியும் அதில் வளர்கிறது. விஷயம் வயதுக்கு மீறியதாக இருந்தால்தான் கெடுதல். அந்த வேலை படிப்பையும் தூக்கத்தையும் தின்றாலும் கெடுதல். "நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எங்கள் விண்ணப்பமே போய்விடும்" என்ற பயம் பிள்ளையின் தலையில் ஏறினால் அது எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

பேருந்து நேரம், கடையில் ஒரு பொருளின் குறிப்பு, பள்ளிச் சுற்றுலா அறிவிப்பு போன்றவற்றைப் பிள்ளை படித்துச் சொல்லலாம். மின்கட்டணம் பற்றிக் கேட்பது, குழாய் ஒழுகுவதை வீட்டு உரிமையாளரிடம் சொல்வது போன்றவற்றை அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த அளவு தாங்களே பேசி, திணறும் இடத்தில் மட்டும் பிள்ளையைக் கேட்கலாம். மருத்துவமனை, வழக்கறிஞர், குடிவரவு அலுவலகம், காவல்துறை, நீதிமன்றம், கடன் ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் பிள்ளை மொழிபெயர்க்கவே கூடாது. பிள்ளையின் சொந்தப் பள்ளிச் சந்திப்பும் இந்தப் பட்டியலில்தான் சேரும்.

காரணம் சொல்கிறேன். மருத்துவர் அம்மாவிடம் உடம்பில் உள்ள தழும்பைப் பற்றிக் கேட்பார், கருச்சிதைவைப் பற்றிக் கேட்பார், தடுப்புக்காவலில் என்ன நடந்தது என்று கேட்பார். அம்மா மகன் முன்னால் உண்மையைச் சொல்லமாட்டார், சிகிச்சை பிழையாகும். சொன்னாலோ, மகன் அதைத் தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்ல வேண்டியிருக்கும். அதன் பிறகு அவனுக்கு வரும் கெட்ட கனவுக்கு யாரும் காரணம் தேட வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொந்த மொழியிலேயே சிறுநீரகக் கோளாறின் பெயரோ சட்டச் சொல்லோ தெரியாது. தெரியாததை விட்டுவிடும், கசப்பானதை மென்மையாக்கும். பள்ளிச் சந்திப்பில் தேர்ச்சியின்மை "பரவாயில்லை" ஆகிவிடுவதும் இப்படித்தான். அதைப் பொய் என்று திட்டுவது நியாயமில்லை, அந்த நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்தது நாம். அமெரிக்காவில் 2016 முதல் கூட்டரசு நிதி பெறும் மருத்துவ நிறுவனங்கள், உடனடி ஆபத்துள்ள அவசரம் தவிர, வயதுவராத பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. வேறு பல நாடுகளிலும் அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் கடமை உண்டு. கேட்காத குடும்பத்துக்கு அது கிடைப்பதில்லை.

கேட்கும் விதத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. சந்திப்புக்கு நேரம் குறிக்கும் அன்றே கேட்க வேண்டும், போய் இறங்கிய பிறகு கேட்டால் "இன்று யாருமில்லை, மகள் இருக்கிறாளே" என்றுதான் பதில் வரும். மொழியின் பெயரோடு வட்டார வழக்கையும் சொல்ல வேண்டும். ஒரே பெயருள்ள மொழியில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத வழக்குகள் இருக்கின்றன. பெண் மருத்துவ விஷயமென்றால் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தெளிவாகக் கேட்கலாம். நகரத்தில் அந்தச் சமூகம் சிறியதாக இருந்தால், நேரில் வருபவர் கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ நாளைக்கு எதிரே வரப்போகிறவராக இருக்கக்கூடும். அந்த இடத்தில் தொலைபேசி வழி, வேறு ஊரிலிருந்து பேசும் மொழிபெயர்ப்பாளரே நல்லது. பேச்சு இருமுறை போவதால் அரைமணி நேரச் சந்திப்புக்கு ஒருமணி நேரம் ஒதுக்கச் சொல்ல வேண்டும். மருத்துவரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச, மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தள்ளி மூன்றாவது மூலையில் உட்காரட்டும். இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்த வேண்டும். "எனக்கு இந்த மொழி, இந்த வழக்கு, மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று அந்நாட்டு மொழியில் எழுதிய ஒரு சிறு அட்டை அப்பாவின் பணப்பையிலும் அம்மாவின் கைப்பையிலும் இருந்தால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து பாதியில் அழைத்துவரும் நாள்கள் குறைந்துவிடும்.

கடிதங்களுக்கு ஒரு வழி வேண்டும். பெரும்பாலான வீடுகளில் உறைகள் ஒரு பையில் சேர்கின்றன. கடைசித் தேதி நெருங்கிய இரவில் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு நடுவில் அவை ஒரேயடியாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரே ஒரு கோப்பு போதும், அதில் ஐந்து பிரிவு: அடையாளமும் குடிவரவும், மருத்துவம், பள்ளி, வீடும் கட்டணங்களும், அரசு உதவித்தொகை. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம். உறையின் மேலுள்ள சின்னத்தைப் பார்த்தே எந்த நிறம் என்று இரண்டு மாதத்தில் அவர்கள் பழகிவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் அப்பாவோ அம்மாவோ உறைகளைப் பிரித்து நிறவாரியாக வைக்கட்டும். வார இறுதியில் ஒருமணி நேரம் மட்டும் பிள்ளை உதவட்டும். அந்த ஒருமணி நேரத்தில் தேதி உள்ளவை நாட்காட்டியில் ஏற வேண்டும், புரியாதவை குடியேற்ற உதவி அமைப்பின் பணியாளருக்கு என்று தனியே வைக்கப்பட வேண்டும். ஒருமணி முடிந்தால் முடிந்ததுதான். முதல் மாதம் வேலை தேங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுப் பழையபடி பிள்ளையிடமே கொட்டிவிடுவதால்தான் பல வீடுகளில் இந்த ஏற்பாடு மூன்றாவது வாரத்திலேயே செத்துப்போகிறது.

மூத்த பிள்ளை விலகியதும் வேலை சத்தமில்லாமல் அடுத்த பிள்ளையிடம் இறங்கும். அதிலும் பெண்பிள்ளையிடம். இதை முன்கூட்டியே பேசித் தடுக்க வேண்டும்.

நன்றாகப் பேசுகிறான், ஏன் படிக்கவில்லை?

பள்ளி விஷயத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. புது மொழியில் நண்பர்களோடு சரளமாகப் பேச ஏறத்தாழ இரண்டு ஆண்டு போதும். பாடநூலைப் படித்து விளங்கி, தேர்வில் எழுதும் அளவுக்கு மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இந்த வேறுபாட்டை விளக்கினார், பிறகு வந்த பல ஆய்வுகளும் அதை ஒட்டியே இருக்கின்றன. இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளைக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும். இது தெரியாததால் இரண்டாம் ஆண்டில் ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: "பேச்செல்லாம் நன்றாக இருக்கிறது, சோம்பேறித்தனம்தான்." அதைக் கேட்கும் பிள்ளையும் நம்பிவிடுகிறது. மொழிக்கான கூடுதல் வகுப்பை அந்தச் சமயத்தில் நிறுத்துவதுபோல் பிழையான முடிவு வேறில்லை.

பள்ளிகள் பெரும்பாலும் வயதைப் பார்த்து வகுப்பில் போடுகின்றன. மூன்று ஆண்டு பள்ளியே காணாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சிறு வகுப்பு அளவில் இருக்கும், உட்காருவது பெரிய வகுப்பில். சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் பள்ளியோடு ஒரு சந்திப்பு, மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, மொழிபெயர்ப்பாளரோடு நடக்க வேண்டும். அங்கே கேட்க வேண்டியவை இவை. கணக்கைத் தாய்மொழியில் சோதித்தீர்களா? மொழிவகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை ஆண்டு வரை? பள்ளிப் படிப்பை முடிக்க எந்தத் தேர்வு, அதற்கு வயது வரம்பு உண்டா? வரம்புக்குள் முடியாவிட்டால் வேறு வழி என்ன? கடைசிக் கேள்வி பதினாறு, பதினேழு வயதில் வருபவர்களுக்கு மிக முக்கியம். அதைக் கேட்காததால், ஒரு சான்றிதழும் இல்லாமல் பள்ளியை விட்டு வெளியே வந்து நிற்பவர்கள் உண்டு.

பாடத்தில் உதவ முடியாத பெற்றோர் "எனக்கு இந்த மொழி தெரியாதே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. வீட்டில் ஒரு மேசை, ஒரு நேரம், அந்த நேரத்தில் தொலைக்காட்சி இல்லை என்ற ஒழுங்கு, இவை மூன்றும் பெற்றோர் கொடுக்கக்கூடியவை. முடிவில் பத்து நிமிடம் "இன்று படித்ததில் ஒன்றை எனக்கு நம் மொழியில் விளக்கு" என்று கேட்கட்டும். விளக்கத் திணறும் இடம்தான் பிள்ளைக்குப் புரியாத இடம், மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியதும் அதுவே. தாய்மொழியும் தேயாமல் இருக்கும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆசிரியர் இடமும் திரும்பக் கிடைக்கும். வீட்டில் புதுமொழியே பேசுங்கள் என்று சொல்லும் ஆசிரியரின் பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். பெற்றோரால் சரியாகப் பேச முடியாத மொழியில் வளரும் பிள்ளைக்கு, துயரத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

வீட்டு விதிகளும் அடியும்

ஊரில் மதிக்கப்பட்ட ஆசிரியர் இங்கே இரவில் அலுவலகங்களைத் துடைக்கிறார். அம்மாவுக்கு மொழிவகுப்பில் மூன்றாவது முறையும் முதல் நிலை. பிள்ளை ஓராண்டில் அவர்களைத் தாண்டிவிடுகிறது. அதிகாரம் கைநழுவுவதைப் பெற்றோர் உணரும்போது பிடியை இறுக்குகிறார்கள், பிள்ளை இன்னும் வெளியே இழுக்கிறது. பெரும்பாலான சண்டைகள் உடை, நண்பர்கள், வீடு திரும்பும் நேரம், கைபேசி ஆகியவற்றைச் சுற்றித்தான். இதைப் பேசித் தீர்க்க ஒரு முறை உண்டு. வாரம் ஒருநாள் இருபது நிமிடம் குடும்பமாக உட்கார்ந்து, விஷயங்களை மூன்று தாளில் எழுதுங்கள். ஒரு தாளில் மாற்ற முடியாதவை: பள்ளிக்குப் போவது, யாரையும் அடிக்காதது, எங்கே இருக்கிறோம் என்று சொல்வது. இரண்டாம் தாளில் பேசி முடிவெடுப்பவை. மூன்றாம் தாளில் பிள்ளை தானே முடிவெடுப்பவை, அந்தத் தாள் காலியாக இருக்கக்கூடாது. ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு விதியை எடுத்து, இரண்டு வாரத்துக்குச் சோதனையாக மாற்றிப் பாருங்கள். உதாரணமாக வெள்ளிக்கிழமை மட்டும் ஏழு மணிக்குப் பதில் எட்டரை, தாமதமானால் அழைப்பு. மீறினால் விளைவு அடுத்த வெள்ளிக்கு மட்டும். ஒரு மாதம் கைபேசியைப் பிடுங்கி வைத்தால் மூன்றாம் நாளே திருப்பிக் கொடுக்க வேண்டிவரும், பெற்றோரின் சொல்லுக்கு மதிப்பு போகும்.

அடிப்பதைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். பிள்ளையை அடிப்பதை 1979-இல் சுவீடன் முதலில் சட்டத்தால் தடுத்தது, இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை உண்டு. வேறு பல நாடுகளிலும் தழும்பு தெரிந்தால் ஆசிரியர் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இதைப் பிள்ளை பள்ளியில் முதல் மாதமே தெரிந்துகொள்கிறது, பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. பிறகு ஒரு நாள் "போலீசைக் கூப்பிடுவேன்" என்ற வார்த்தை வருகிறது, அதன்பின் அந்த வீட்டில் அப்பா வாயைத் திறப்பதே இல்லை. சட்டம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் ஒரே அறையில், வெளியாள் ஒருவர் வாயால் கேட்க வேண்டும். கண்டிக்கவும் விதி வைக்கவும் மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது, காயப்படுத்தத்தான் இல்லை. இந்த ஒரு உரையாடலைக் குடியேற்ற அமைப்புகள் முதல் மாதத்திலேயே நடத்திவிட்டால் எத்தனையோ வீடுகள் தப்பும்.

வேலை நேரம் குலைத்துப் போட்ட வீடுகளில் இரவுச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட முடியாது. காலையோ, விடுமுறை நாளில் இரண்டு வேளையோ, எது முடியுமோ அதை நிலையாக வையுங்கள்.

இரவும் பழைய நினைவும்

எல்லாப் பிள்ளைக்கும் மனநோய் வரும் என்று எண்ணுவது தவறு, பெரும்பாலோருக்கு வருவதில்லை. தூக்கம் கெடுவது மட்டும் பரவலாக இருக்கிறது. பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. கைபேசி படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றத்தில் இருக்கட்டும், பெற்றோருடையதும்தான். ஊர்ச் செய்திகளையும் குண்டுவீச்சுக் காணொளிகளையும் நாள் முழுக்கத் திரையில் ஓடவிடுவது அந்த அறையில் இருக்கும் எல்லோரையும் அங்கேயே கொண்டுபோய் விடும். மாலையில் அரைமணி நேரம் செய்தி, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக முடித்துவிட வேண்டும்.

கெட்ட கனவில் அலறி எழுந்தால் விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி அழைத்து, இது எந்த ஊர், இன்று என்ன நாள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள், அறையில் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். கனவில் என்ன வந்தது என்று அப்போது கேட்காதீர்கள். மறுநாள் பகலில் பிள்ளையாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்ததைப் பிள்ளையிடம் சொல்வதா மறைப்பதா என்று பெற்றோர் தவிக்கிறார்கள். ஒன்றுமே சொல்லாத வீட்டில் பிள்ளை கற்பனை செய்துகொள்கிறது, பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாக, சில சமயம் தன்மேல் பழி போட்டுக்கொண்டு. எல்லாவற்றையும் நேரம் காலமின்றிக் கொட்டும் வீட்டில் பிள்ளை தன் பயத்தைச் சொல்ல இடமில்லாமல் பெற்றோரைத் தேற்றத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே, பிள்ளை கேட்கும்போது, கேட்ட அளவுக்கு, வயதுக்கேற்பச் சொல்வதே நல்லது. "அப்பாவைப் பிடித்துப்போய் அடித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். அதனால்தான் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது, உன்மேல் கோபமில்லை." இவ்வளவு போதும். விவரங்களைச் சொல்ல வேண்டிய இடம் பெற்றோருக்கென்று உள்ள மருத்துவரின் அறை. பெற்றோரின் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பது பிள்ளைக்கான வைத்தியத்தில் பாதி. "முதலில் பிள்ளையைப் பாருங்கள், எனக்கொன்றுமில்லை" என்று சொல்லும் அம்மாவிடம் இதை விட்டுக்கொடுக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

காணாமற்போனவர் உள்ள குடும்பத்தின் துயரம் தனி வகை. வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களோடு 1970-களில் பணியாற்றிய குடும்ப ஆய்வாளர் போலீன் பாஸ், இறப்பு உறுதியாகாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுவதை விவரித்தார். இங்கே "இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்" என்று சொல்வதும் "கட்டாயம் வருவார்" என்று சொல்வதும் ஒருபோலத் தீங்கு. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும், காணாமற்போனவர் அண்ணன் என்றால் அவன் பிறந்தநாளை எப்படி நினைவுகூர்வது என்று பிள்ளையையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தந்த நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கம் வழியாகத் தேடல் விண்ணப்பம் கொடுக்கலாம், கட்டணமில்லை. பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும், தந்தை தாய் பெயரையும், கடைசியாகத் தொடர்பு கிடைத்த இடத்தையும் தேதியையும் முன்பே எழுதி வைத்திருந்தால் நல்லது. இந்த விண்ணப்பத்தை எழுதுவதும் பெரியவரின் வேலைதான்.

எப்போது நிபுணரிடம் போவது? தூக்கமின்மை, எரிச்சல், பள்ளி மறுப்பு, நண்பர்களிடமிருந்து விலகல், காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால். உடல்வலிக்கு முதலில் குடும்ப மருத்துவரைப் பாருங்கள், நோய்த்தொற்றும் இரத்தசோகையும் பல்வலியும்கூட மனச்சோர்வுபோலத் தோன்றலாம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் 25 கேள்விகள் கொண்ட பலம்–சிரமம் வினாப்பட்டியலைக் கொடுப்பதுண்டு. அதில் பிள்ளை தானே நிரப்புவது 11 முதல் 17 வயதுக்கு, பெற்றோர் நிரப்பும் தாள் வேறு. பல மொழிகளில் கிடைக்கிறது, தாய்மொழித் தாளைக் கேளுங்கள். மதிப்பெண் உயர்ந்தால் நோய் என்று பொருளில்லை, மேலும் விசாரிக்க வேண்டும் என்றுதான் பொருள்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடத் தொடங்கினாலோ நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, தனியாகச் சுமப்பதுதான் குறையும். ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் கூர்மையானவற்றையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே அவசர எண்ணை அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குப் போங்கள். இந்த அழைப்பைப் பெற்றோர் எப்படிச் செய்வது என்று, நான்கு வார்த்தையாவது அந்நாட்டு மொழியில், நல்ல நாளிலேயே பழகி வைக்க வேண்டும்.

சிகிச்சை என்றாலே பயந்து விலகும் குடும்பங்களுக்கு வேறு வாசல்கள் உண்டு. சிகாகோவில் ஸ்டீவன் வைனும் அவர் குழுவினரும் போஸ்னிய அகதிக் குடும்பங்களைப் பல குடும்பக் குழுக்களாகக் காப்பியோடு கூட்டிப் பேசவைத்தார்கள், மனநல உதவியை நாடுவது அதனால் கூடியது. அமெரிக்காவின் வடகிழக்கில் தெரசா பெட்டன்கோர்ட்டின் குழு, சோமாலியாவின் பாண்டு இனத்து அகதிகள், பூட்டான் அகதிகள் ஆகியோரின் வீடுகளுக்கு அதே சமூகத்தைச் சேர்ந்தவர்களையே பயிற்சி கொடுத்து அனுப்பியது. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 15 வயதினருக்கு வகுத்த குழுப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு ஏழு அமர்வு, பெற்றோருக்கு மூன்று. பெற்றோருக்கென்று அமர்வு இல்லாத திட்டம் ஒன்றை யாராவது கொண்டுவந்தால், அதை ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள்.

பணம், ஏச்சு, பிரிந்தவர் வருகை

ஊரிலிருக்கும் உறவினர் கேட்கும் பணம் பிள்ளையின் பகுதிநேர வேலைக்குள் புகுந்துவிடுகிறது. அப்பாவால் முடியாததை நான் அனுப்புகிறேன் என்று வாரம் முப்பது மணி நேரம் உழைக்கும் பதினேழு வயதினர் வகுப்பில் தூங்குகிறார்கள். மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று ஒரு தொகையைப் பெற்றோர் முடிவுசெய்து, உறவினரிடம் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். உறவினர் பிள்ளையின் கைபேசிக்கு நேரடியாகக் கேட்டால், "அப்பாவிடம் பேசுங்கள்" என்று சொல்லப் பிள்ளைக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

பள்ளியில் நிறத்தையோ மதத்தையோ சொல்லிக் கேலி செய்தால் "கண்டுகொள்ளாதே" என்பது அறிவுரையே அல்ல. நாள், இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் ஆகியவற்றை எழுதி வைத்து, எழுத்துமூலம் முறையிட்டு, எத்தனை நாளில் பதில் என்று கேளுங்கள்.

பல ஆண்டு பிரிந்திருந்த தாயோ தந்தையோ வந்து சேர்வது எல்லோரும் காத்திருந்த நாள், ஆனால் அதன் பிறகுதான் கடினமான மாதங்கள். அம்மாவின் நினைவில் இருப்பது எட்டு வயதுப் பிள்ளை, கதவைத் திறப்பது பதினைந்து வயது. அதுவரை வளர்த்த பாட்டியோ சித்தியோ ஒரே நாளில் ஒதுக்கப்பட்டால் பிள்ளைக்கு அது இன்னொரு இழப்பு. முதல் மூன்று மாதம் விதிகளை வளர்த்தவரும் வந்தவரும் சேர்ந்தே சொல்லட்டும். வந்தவர் கண்டிப்பதைக் குறைத்து, கூட நடப்பது, கூடச் சமைப்பது போன்றவற்றில் நேரம் செலவிடட்டும். பாசம் உடனே வராததைப் பார்த்து நன்றிகெட்ட பிள்ளை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பதினெட்டு வயதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பிறந்தநாளோடு பல நாடுகளில் குழந்தை மனநலப் பிரிவு, பள்ளி உதவி, பெற்றோரின் குடியுரிமை விண்ணப்பத்தோடு சேர்ந்து போகும் உரிமை எல்லாம் முடிந்துவிடலாம். எது எந்த நாட்டில் எந்த வயதில் மாறும் என்பதைப் பதினேழாவது பிறந்தநாளுக்கு முன்பே குடிவரவுச் சட்ட உதவி மையத்தில், மொழிபெயர்ப்பாளரோடு, அப்பாவோ அம்மாவோ போய்க் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு, பெரியவர்கள் பிரிவில் முதல் சந்திப்பின் தேதி கையில் வரும்வரை பழைய மருத்துவர் கோப்பை மூடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.